மகப்பேறு வார்டுக்கும் எலும்பு வார்டுக்கும் நடுவே

அக்டோபர் 18 உலக மெனோபாஸ் தினம். அக்டோபர் 20 உலக ஆஸ்டியோபொரோசிஸ் தினம், அதாவது எலும்புப்புரை தினம். காலண்டரில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நாள். நம் ஊர்ப் பெண்ணின் வாழ்க்கையில் அந்த இடைவெளி பல வருடம். கடைசிப் பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று மகப்பேறு வார்டை விட்டு வெளியே வந்தவர், குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்த பிறகுதான் எலும்பு வார்டில் படுக்கிறார். நடுவில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கினார், பிரஷர் பார்த்தார், கண்புரை ஆபரேஷன்கூடச் செய்துகொண்டார். எலும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எலும்பு கரைந்ததோ பெரும்பாலும் அந்த நடுவில்தான்.

மாதவிடாய் நிற்பதைப் பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள் என்று வழக்கமாக எழுதுவார்கள். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. பலருக்கு அது பெரிய விடுதலை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மரத்தடியில் சோற்றைப் பிரிக்கும் நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். “எனக்கு நின்னு மூணு வருசமாச்சுக்கா, விட்டுச்சுடா சனியன்னு இருக்கேன்” என்பார் ஒருவர். “குடுத்து வச்சவ நீ. எனக்கு இன்னும் மாசத்துக்கு ரெண்டு வாட்டி வந்து உயிரை எடுக்குது” என்று இன்னொருவர் அலுத்துக்கொள்வார். வீட்டில் விசேஷம் என்றால் தள்ளிப்போடும் மாத்திரைக்கு மெடிக்கல் வாசலில் நிற்க வேண்டாம். பூஜை அறைக்கு நாள் பார்க்க வேண்டாம். அம்பது வயசுக்கு மேல் சபரிமலைக்கு மாலை போட்டு, இருமுடி கட்டி, நீலிமலை ஏற்றத்தை வெறுங்காலோடு ஏறுகிற அம்மாக்களின் முகத்தில் தெரியும் உற்சாகம் பொய்யானதல்ல. இத்தனை நிம்மதியாக இருப்பவர் எதற்காக டாக்டரிடம் போகப்போகிறார்?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் மெனோபாஸ் என்று மருத்துவம் கணக்கு வைக்கிறது. மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் வருவது இந்தியாவில் 46, 47-லேயே வந்துவிடுகிறது. 40-க்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பல்ல, கட்டாயம் பார்க்க வேண்டும். நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். உடம்பில் திடீரென்று அனல் பரவுவது, நடுராத்திரி வியர்த்து எழுந்துகொள்வது, எரிச்சல், தூக்கமின்மை, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது எல்லாம் கூடவே வரும். சிலருக்கு எதுவுமே தெரியாது. எலும்பின் கதை இதில் தனி. அது யாருக்கும் தெரியாது.

வலிக்காமல் கரைவது

எலும்பு ஒருமுறை வளர்ந்ததும் அப்படியே நிற்கிற பொருள் அல்ல. பழைய எலும்பை அரித்தெடுக்க ஒரு வகை செல் உண்டு, ஆஸ்டியோகிளாஸ்ட். அரித்த குழியில் புது எலும்பை நிரப்ப இன்னொரு வகை, ஆஸ்டியோபிளாஸ்ட். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது இடிக்கிற ஆளும் கொத்தனாரும் முன்னும் பின்னுமாக நகர்வதுபோல இந்த வேலை வாழ்நாள் முழுக்க நடக்கிறது. மொத்த எலும்புக்கூடும் ஏறக்குறைய பத்தாண்டில் புதுசாகிவிடுகிறது. இடிக்கிறவர்களை அளவோடு நிறுத்தி வைக்கும் மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். சினைப்பை ஓய்ந்து அது வற்றியதும் இடிப்பவர் கூட்டம் பெருகிவிடுகிறது. கொத்தனார் வேலையை விடவில்லை, ஈடுகொடுக்கத்தான் முடியவில்லை.

வேகம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் முக்கியம். கடைசி மாதவிடாயை ஒட்டிய ஆண்டுகளில்தான் சரிவு செங்குத்தாக இருக்கிறது. நின்ற பின் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் 20 சதவீதம் வரைகூட எலும்பு போய்விடலாம். அதன் பிறகு வேகம் தணிகிறது. ஆக, நாற்பத்தேழில் நின்ற ஒருவர் அறுபத்தைந்தில் டாக்டரிடம் வந்தால், கொள்ளை போய் வெகுகாலம் ஆன வீட்டுக்குப் பூட்டு வாங்க வருகிறார்.

இந்தத் தொடர்பைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஃபுல்லர் ஆல்பிரைட். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். எலும்பு புரைத்துப்போன 42 பேரைப் பற்றி அவர் 1941-ல் எழுதினார். அதில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள். இன்றைய ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில், நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தே சொன்ன முடிவு அது.

எலும்பில் உள்ளே பஞ்சு போலிருக்கும் பகுதிதான் முதலில் அடிவாங்குகிறது. அந்தப் பகுதி அதிகம் இருப்பது மணிக்கட்டு, முதுகெலும்பு, தொடை எலும்பின் கழுத்து ஆகிய இடங்களில். முறிவுகளும் பெரும்பாலும் இதே வரிசையில் வருகின்றன. ஐம்பதுகளில், தடுக்கி விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு. அறுபதுகளில் முதுகெலும்பு. எழுபதுகளில் இடுப்பு. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இடுப்பு முறிவு ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே வருகிறது.

முதல் முறிவை நாம் வீணடிப்பதைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. ஐம்பத்து மூன்று வயதுப் பெண் வாசல் தெளிக்கும்போது வழுக்கிக் கையை ஊன்றுகிறார். மணிக்கட்டு விட்டுப்போகிறது. சிலர் மாவுக்கட்டுக்குப் போவார்கள், சிலர் புத்தூர் கட்டுக்குப் போவார்கள். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிடும். “நின்ன இடத்துல விழுந்ததுக்கே எலும்பு ஏம்மா முறிஞ்சுது?” என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஐம்பது வயதுக்காரருக்கு எலும்பு முறிவது சாதாரண விபத்தல்ல. அடுத்த முறிவுக்கான எச்சரிக்கை அது. கட்டுப் பிரித்த அன்றே எலும்பு அடர்த்தியையும் பார்த்திருக்க வேண்டும்.

முதுகெலும்பு முறிவு இன்னும் மோசம். மூன்றில் இரண்டு யாருக்கும் தெரியாமலே நடக்கிறது. விழக்கூட வேண்டாம். தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியதில், பஸ் குழியில் இறங்கித் தூக்கிப்போட்டதில் முள்ளெலும்பு நசுங்கிவிடும். “வாயுப் பிடிப்பு” என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். இரண்டு, மூன்று முள்ளெலும்பு நசுங்கிய பிறகு கூன் விழும். “வயசாயிடுச்சுல்ல” என்று வீடு அதை ஏற்றுக்கொள்ளும்.

பலரையும் ஏமாற்றுவது முழங்கால். கால் வலிக்கிறது என்றதும் எலும்பு தேய்ந்துவிட்டது, கால்சியம் சாப்பிடு என்கிறார்கள். முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுக் குருத்தெலும்பின் பிரச்சினை. அதற்குக் கால்சியம் மருந்தல்ல. எலும்புப்புரைக்கோ முறிகிற வரை வலியே கிடையாது. வலிக்கிற இடத்துக்கு மருந்து தேடும் நம் பழக்கத்தில் வலிக்காத இந்த நோய் எளிதாகத் தப்பிவிடுகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பியியல் துறை, சுற்றுவட்டாரத்தில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, 50 வயதைத் தாண்டிய பெண்களைப் பரிசோதித்து 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடலின் ஏதேனும் ஓரிடத்தில் எலும்புப்புரை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. அவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் அல்ல, தாங்களே நடந்து வந்தவர்கள்.

“எடுத்தாச்சு, தொல்லை விட்டுச்சு”

மெனோபாஸ் பற்றிய கட்டுரைகள் அதிகம் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். 2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆந்திரத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர், தெலங்கானாவில் ஏழெட்டுப் பேர். அறுவை சிகிச்சை செய்துகொண்ட வயதைப் பார்த்தால் முப்பதுகளின் நடுப்பகுதி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிடாயால் கூலி போகிறதென்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டையே உலுக்கியது. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றல்களைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. எலும்பைக் காக்கும் ஹார்மோன் சினைப்பையிலிருந்து வருகிறது. கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் அறுந்துபோகிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அன்றே மெனோபாஸ். மற்றவர்களுக்குப் பத்து வருடம் கழித்துத் தொடங்கும் எலும்பு இழப்பு அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போதே தொடங்கிவிடுகிறது.

சினைப்பையை விட்டுவைத்திருந்தால் பிழைத்தோம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். மாதவிடாயே வராததால் மெனோபாஸ் எப்போது வந்தது என்று அவருக்கும் தெரியாது, அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்கூட்டியே வரவும் வாய்ப்பு உண்டு. அதனால் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட எவரும் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து, சினைப்பையும் போனதா இருக்கிறதா என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுவது அதைவிட நல்லது. “மொத்தமா எடுத்துடலாம்மா” என்று சொன்னால், “எதை எதை எடுக்கறீங்க டாக்டர்?” என்று கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. 45-க்கு முன் சினைப்பை போனவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் சிகிச்சை தருவதே இன்றைய பொதுவான பரிந்துரை. கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அது இருப்பவருக்கு உட்சுவரைக் காக்க புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும்.

முன்கூட்டியே கவனிக்க வேண்டியவர்கள் இன்னும் உண்டு. ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், மிக ஒல்லியானவர்கள், அம்மாவுக்கு இடுப்பு முறிந்த குடும்பம். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு லெட்ரசோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் துடைத்தெடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. புற்றுக்கு அது அவசியம், நிறுத்தக் கூடாது. கூடவே எலும்பையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

பத்து நிமிட ஸ்கேன்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் என்றதும் எம்.ஆர்.ஐ. குகையை நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. திறந்த மேசைதான். புடவையில் குத்திய ஊக்கு, கொக்கி, வளையல், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்துக் காலை உயர்த்துவார்கள். முதுகு மேசையோடு படிய வேண்டும் என்பதற்காக. மேலே ஒரு கை மெதுவாக நகரும். பிறகு பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பட்டையால் கட்டி இடுப்பை எடுப்பார்கள். ஊசி இல்லை, பட்டினி இல்லை. கதிர்வீச்சும் மிகக் குறைவு. செலவு சில ஆயிரம் ரூபாய். பெரிய ஊர்களில்தான் கருவி இருக்கிறது என்பது உண்மையான குறை.

கையில் தரும் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள் இருக்கும். பார்க்க வேண்டியது டி-ஸ்கோர். இளம்பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு உங்கள் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லும் எண் அது. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தபடி, மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. இடைப்பட்டவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் மொத்த முறிவுகளில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான் வருகிறது. ஆகவே “பார்டர்ல இருக்கு, ஒண்ணுமில்ல” என்று தாளைப் பீரோவில் வைத்துவிடக் கூடாது.

கல்யாண மண்டபங்களில் குதிகாலைக் கருவியில் வைத்து இலவசமாகப் பார்க்கும் முகாம்கள் வேறு. அது யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரிக்க மட்டும் உதவும். அந்த எண்ணை நம்பி மருந்து தொடங்கக் கூடாது. பக்கத்து மேசையில் புரதப் பொடி டப்பா அடுக்கியிருந்தால் கூடுதல் ஜாக்கிரதை தேவை.

சோற்றில் எவ்வளவு கால்சியம்?

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அளவுகோல்படி, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நம் வழக்கமான சாப்பாட்டை எண்ணிப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், இரவு இரண்டு தோசை, இடையில் இரண்டு காபி. வயிறு நிறையும். கால்சியம் 400-ஐ எட்டுவதே பெரிய காரியம், அதிலும் காபியில் விட்ட பாலுக்குத்தான் பெரிய பங்கு. பல வீடுகளில் அந்தப் பாலும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போய், அம்மாவுக்கு அடிவண்டல் காபி.

இதைச் சரிசெய்யக் கடல் கடந்து எதுவும் வர வேண்டாம். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, அரிசியில் பத்தே பத்து. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் களியும் கூழும் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டு, அரிசிச் சோறு கௌரவமாகிப்போனதில் பெண்களின் எலும்புக்கும் நஷ்டம்தான். தமிழக அரசு 2023-ல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி. கேழ்வரகில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டிக் அமிலமும் உண்டு. முளைகட்டி அரைத்தாலும், மாவைப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் அது குறையும். கூழ் குடித்த கிழவிகள் செய்ததும் அதைத்தான்.

ஒரு களி உருண்டை, இரண்டு டம்ளர் மோர் அல்லது ஒரு கிண்ணம் தயிர், ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, இரண்டு ஸ்பூன் எள்ளுப்பொடி. ஏறக்குறைய கணக்கு முடிந்தது. எள் வாங்கும்போது தோலோடு இருக்கட்டும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் பெருமளவு போய்விடும், நல்லெண்ணெயில் அறவே இல்லை. துவாதசிக்கு மட்டும் சமைக்கும் அகத்திக்கீரை கால்சியத்தில் முருங்கையையும் மிஞ்சும். பசலை போன்ற கீரைகளில் ஆக்சலேட் அதிகம் என்பதால் தாளில் இருக்கும் கால்சியம் உடம்பில் சேர்வதில்லை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி அருமை. கருவாடு என்றால் உப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று பாட்டிகள் வாதாடுவார்கள். கூடவே போகிற பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றைக் கொண்டுவரும் என்பதால் அந்த வழக்கு செல்லாது.

சாப்பாட்டில் எட்டாத அளவுக்கு மட்டும் மாத்திரை. கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது.

வெயில் விஷயத்தில் நம் நம்பிக்கை ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. காலை இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்பார்கள். திருப்பதியில் மருத்துவ ஆய்வாளர் ஹரிநாராயண் குழுவினர் வெயிலை நேரம் நேரமாக அளந்து பார்த்ததில், டி நன்றாக உருவானது 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான். நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முகம், கை தெரிய கால் மணி, அரை மணி நேரம் மொட்டை மாடியில் வற்றல் காயவைத்தால்கூடச் சரி. தென்னிந்தியர்களிடம் கால்சியம் குறைவு, பைட்டிக் அமிலம் அதிகம், வைட்டமின் டி குறைவு என்ற மூன்றையும் சேர்த்துக் காட்டியதும் 2007-ல் வெளியான இதே குழுவின் ஆய்வுதான். பற்றாக்குறை இருந்தால் மருத்துவர் 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு எழுதித் தருவார். அது தீர்ந்த பிறகும் மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

புரதத்தையும் மறக்கக் கூடாது. பிள்ளைகள் வெளியூர் போன வீடுகளில், “எனக்கு ரெண்டு இட்லி போதும்” என்று இரவை முடித்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு எலும்போடு தசையும் கரைகிறது. விழாமல் தாங்குவது தசைதான்.

நடந்தால் மட்டும் போதாது

பாரம் இல்லாத எலும்பு கரையும். விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் குறைகிறது. நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, எலும்புக்கு அது லேசான பாரம். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற நூற்றுச் சொச்சம் பெண்களை வைத்து நடத்திய லிஃப்ட்மோர் ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு பாதியினர் வாரம் இரு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் நல்ல எடையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறியது, மற்றவர்களுக்கு இறங்கியது. வயசான பிறகு பாரம் தூக்கினால் எலும்பு ஒடியும் என்று பயந்த காலத்தில் இது பெரிய செய்தி.

ஜிம்முக்குப் போக வசதியோ மனமோ இல்லாதவர்கள் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கலாம். படி ஏறலாம். தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கலாம். சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலனில்லை. காலமெல்லாம் மூட்டை தூக்கிய பெண்களுக்கு எலும்பு முறிவதில்லையா என்றால், முறிகிறது. உழைப்புக்கு ஏற்ற பாலும் புரதமும் அந்தத் தட்டுக்கு வரவில்லை.

எலும்புப்புரை உறுதியானவர்கள் யோகாவில் கவனமாக இருக்க வேண்டும். முன்னால் நன்றாகக் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனங்கள் முள்ளெலும்பை நசுக்கிவிடலாம். வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவது உத்தமம்.

காபிக்கு முன் ஒரு மாத்திரை

அடர்த்தி வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் முறிவு கண்டவர்களுக்கும் சாப்பாடும் பயிற்சியும் போதாது, மருந்து வேண்டும். அதிகம் எழுதப்படுவது அலென்ட்ரோனேட், வாரம் ஒரு மாத்திரை. விலையும் கட்டுப்படியாகும். சாப்பிடும் முறைதான் கண்டிப்பானது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகும். காபி குடித்தால் மருந்து ஏறாது. விடிந்ததும் டிகாக்‌ஷன் வாசனைக்கு எழுகிற வீட்டில் இது சின்ன நிபந்தனை அல்ல. ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, மாத்திரை போட்டதும் வாசல் பெருக்கிக் கோலம் போட்டு முடித்தால் அரை மணி ஓடிவிடும்.

இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் உண்டு. 2007-ல் வெளியான பெரிய ஆய்வில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்த மருந்து இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் நல்ல மருந்துதான். ஆனால் நடுவில் விட்டால் எலும்பு மளமளவென்று சரிந்து முள்ளெலும்புகள் வரிசையாக நசுங்கும் ஆபத்து இருக்கிறது. மகன் வீடு மாறியதாலோ பணம் புரளாததாலோ தவணை தவறக்கூடியவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசிவிட வேண்டும். இந்த மருந்துகளால் அரிதாகத் தாடையெலும்பு பாதிக்கப்படுவதால், பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெண்கள் நல முன்முயற்சி ஆய்வு, 16,608 பெண்கள் பங்கேற்ற தன் கூட்டு ஹார்மோன் பிரிவைப் பாதியில் நிறுத்தியது. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு சாப்பிட்டால் மார்பகப் புற்று எட்டு பேருக்குக் கூடுகிறது, இடுப்பு முறிவு ஐந்து பேருக்குக் குறைகிறது என்றது கணக்கு. முதல் பாதி மட்டும் உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பது பலர் கண்ணில் படவில்லை. 60-க்குள் இருப்பவர்கள், மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாதவர்கள், அனலும் தூக்கமின்மையும் வாட்டுகிறவர்கள் ஆகியோருக்கு நன்மை அதிகம் என்பது பிந்தைய அலசல்களில் தெரிந்தது. மார்பகப் புற்று கண்டவர்களுக்கும் ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. முடிவு ஒவ்வொருவருக்கும் தனி.

மருந்து எதுவானாலும் விழாமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும். பெரும்பாலான முறிவு வீட்டுக்குள்ளேதான். ராத்திரி இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுவது, பிரஷர் மாத்திரையால் எழுந்ததும் வரும் கிறுகிறுப்பு, விளக்கு போடாமல் பழக்கத்தில் நடப்பது, ஈரமான பளபள டைல்ஸ், தரையில் புரளும் நைட்டி. வீடு கட்டும்போது குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போடுவதற்கு ஆகும் செலவு, பூஜை அறைக் கதவின் மணிகளுக்கு ஆவதைவிடக் குறைவு. ஏன் இதை மட்டும் விட்டுவிடுகிறோம் என்று புரியவில்லை.

யார் கேட்பது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1999-ல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. 50 வயதைத் தாண்டியவர் எலும்பு முறிந்து வந்தால், அதற்கென்றே இருக்கும் நர்ஸ் அவரைப் பிடித்து எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்து தொடங்குகிறதா என்று பார்ப்பார். எலும்பு மருத்துவர் கட்டுப்போட்டதோடு விஷயம் முடிவதில்லை. அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

நம்மிடம் அதற்கான கால்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். அதே வாசலில் நின்று மூன்று கேள்வி கேட்கலாம். எந்த வயசுல நின்னுச்சும்மா? கர்ப்பப்பை எடுத்திருக்கா, சினைப்பையுமா? நாப்பதுக்கு மேல கையோ காலோ முறிஞ்சிருக்கா?

நான்காவதாக ஒரு வேலையும் உண்டு. சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளப்பது. நம் பெண்களில் பலருக்குக் கடைசியாக உயரம் பார்த்தது கர்ப்ப காலத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையில் எழுதுவதற்காக. அந்த அட்டை பல வீடுகளில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு இன்னும் பத்திரமாக இருக்கும். அதில் எழுதிய உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதுகுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.